ஜப்பானில் ஸ்டேஷன் எதிரே உள்ள பழைய ஹோட்டலில் தங்கப் போகிறீர்களா?

ஜப்பானில் ஓரளவு பெரிய ஊர் எதிலாவது ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்தால், எதிரே எட்டு பத்து மாடியில் ஓடு பதித்த சுவரும் வரிசையாகச் சின்ன ஜன்னல்களுமாக ஒரு கட்டிடம் நிற்கும். உச்சியில் ஹோட்டல் என்று பெயர்ப்பலகை. பெரும்பாலும் எழுபதுகளிலோ எண்பதுகளிலோ கட்டியதாக இருக்கும். லிஃப்ட் சிறியது, கம்பளம் கொஞ்சம் தேய்ந்தது. ஆனால் படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது, வாடகையும் கைக்கு அடக்கம். முதல்முறை ஜப்பான் போகிறவர்கள் எங்கே தங்கலாம் என்று கேட்டால் நான் இந்த ஹோட்டல்களைத்தான் காட்டுவேன்.

ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். இந்த இடங்கள் பல வருடப் பழக்கத்தில் ஓடுபவை. சாவியை எங்கே கொடுப்பது, குளியலறைத் திரையை எந்தப் பக்கம் விடுவது, துண்டு எப்போது மாற்றுவார்கள் என்று எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருக்கிறது. தங்க வருகிறவருக்கு அதெல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்து யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அந்த முறைகளைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

அறை பதிவு செய்யும் முன்

ஜப்பானியர்கள் ஹோட்டல்களை இரண்டு பெயரில் பிரித்துப் பேசுவார்கள். "பிசினஸ் ஹோட்டல்" என்பது வேலையாக ஊர் ஊராகப் போகிறவர்களுக்கானது. ஒரு ஆள் அறை 10 முதல் 13 சதுர மீட்டர் இருக்கும். கட்டில், ஒடுங்கிய மேசை, குளியலறை போக ஒரு ஆள் நடக்க இடம், அவ்வளவுதான். "சிட்டி ஹோட்டல்" என்பது கல்யாண மண்டபம், உணவகங்கள் எல்லாம் உள்ள பெரிய ஹோட்டல். டோக்கியோ, ஒசாகாவில் இந்த இரண்டாவது வகைக்கு விலை அதிகம். ஒகயாமா, ஹிமெஜி மாதிரி ஊர்களில் கதையே வேறு. பழைய சிட்டி ஹோட்டலின் இரட்டைக் கட்டில் அறை, புதிதாகத் திறந்த பிசினஸ் ஹோட்டல் அறையின் விலைக்கே பல நாட்களில் கிடைக்கும், இடமும் தாராளம். குடும்பமாகப் போகிறவர்கள் முதலில் இதைத் தேடுங்கள்.

விலை ஊரையும் நாளையும் பொறுத்தது. சாதாரண வார நாளில் ஒரு ஆளுக்கு 6,000 முதல் 9,000 யென்னுக்குள் பழைய பிசினஸ் ஹோட்டல் அமைந்துவிடும். சனிக்கிழமை இரவு விலை ஏறும். ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம், ஆகஸ்ட் நடுவில் வரும் ஒபோன் விடுமுறை, வருடக் கடைசி ஆகிய நாட்களில் இரண்டு மடங்குகூட ஆகலாம். பலர் எதிர்பார்க்காத ஒன்று பிப்ரவரி மாதம். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுத வெளியூர்ப் பிள்ளைகள் வந்து ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டல்களை நிரப்பிவிடுவார்கள்.

பதிவு செய்யும்போது ஆள் எண்ணிக்கையைச் சரியாகப் போடுங்கள். அறைக்கு இவ்வளவு என்று மட்டும் கணக்குப் போடும் பழக்கம் அங்கே பெரும்பாலும் கிடையாது. ஒரே அறை ஒருவருக்கு ஒரு விலை, இருவருக்கு ஒரு விலை. ஒருவர் என்று பதிவு செய்துவிட்டு இருவராகப் போய் நின்றால், ரிசப்ஷனில் இருப்பவருக்கும் உங்களுக்கும் சங்கடம். குழந்தை பெற்றோருடன் ஒரே கட்டிலில் படுப்பதை "சொய்னெ" என்பார்கள். அதற்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை, வயது வரம்பு மட்டும் ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும்.

கட்டில் அகலத்தையும் பாருங்கள். "செமி டபுள்" என்று போட்டிருந்தால் 120 சென்டிமீட்டர். ஒருவருக்குத் தாராளம், இருவருக்கு நெருக்கம். இருவர் என்றால் 140 சென்டிமீட்டர் டபுள், இல்லையென்றால் தனித்தனிக் கட்டில் உள்ள ட்வின். பெட்டி விரித்து வைக்கவும் ட்வின்தான் வசதி.

அடுத்தது புகை. 2020 ஏப்ரலிலிருந்து ஜப்பானில் பொதுக் கட்டிடங்களுக்குள் புகைபிடிக்கக் கட்டுப்பாடு முழுமையாக வந்துவிட்டது. ஆனால் ஹோட்டலின் தங்கும் அறைகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் பழைய ஹோட்டல்களில் புகைபிடிக்கும் அறைகள் இன்னும் இருக்கின்றன, விலையும் சில நூறு யென் குறைவாக இருக்கும். அந்தச் சில நூறுக்கு ஆசைப்படாதீர்கள். திரைச்சீலையிலும் சுவர்க் காகிதத்திலும் ஊறிய வாசனை எந்த வாசனைத் தெளிப்பானுக்கும் போகாது. "கின்என்" என்றால் புகை கூடாத அறை, "கிட்சுஎன்" என்றால் புகைக்கலாம். இந்த இரண்டு சொல்லையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கட்டிடம் என்றதும் நிலநடுக்கமும் தீயும் நினைவுக்கு வருவது நியாயம். ஜப்பானின் இப்போதைய நிலநடுக்கக் கட்டுமான விதி 1981 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அனுமதி வாங்கிக் கட்டியது என்றால், பலப்படுத்தும் வேலை செய்திருக்கிறார்களா என்று ஹோட்டலின் இணையப் பக்கத்தில் தேடிப் பாருங்கள். செய்திருந்தால் பெரும்பாலும் அவர்களே எழுதியிருப்பார்கள்.

தீ விஷயத்தில் ஜப்பான் பட்டுத்தான் கற்றுக்கொண்டது. 1982 பிப்ரவரி 8 அன்று டோக்கியோவின் நாகதாச்சோ பகுதியில் ஹோட்டல் நியூ ஜப்பான் தீப்பிடித்து 33 பேர் இறந்தார்கள். படுக்கையில் புகைத்த சிகரெட்டில் தொடங்கிய தீ, தண்ணீர் தெளிக்கும் கருவிகள் சரியாக இல்லாத மாடிகளில் பரவியது. இன்று தீயணைப்புத் துறை சோதித்துத் திருப்தியானால் ஹோட்டலுக்கு ஒரு அடையாளத் தகடு கொடுக்கிறது. அதன் பெயர் "தெக்கி மார்க்". முதலில் வெள்ளி நிறம், சில வருடம் தொடர்ந்து குறையில்லாமல் இருந்தால் தங்க நிறம். வாசலிலோ ரிசப்ஷனிலோ மாட்டியிருப்பார்கள். நான் உள்ளே போனதும் கண்ணால் தேடுவது அதைத்தான்.

என் தேர்வு முறை இதுதான்: கட்டிய வருடத்தைவிட, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பார்ப்பேன். அப்புறம் தங்கியவர்கள் எழுதியதில் சுத்தம் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று படிப்பேன். "பழையதுதான், ஆனால் சுத்தம்" என்று மூன்று நான்கு பேர் எழுதியிருந்தால் யோசிக்காமல் பதிவு செய்துவிடுவேன்.

ஸ்டேஷனிலிருந்து ஹோட்டலுக்கு

ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடை என்று போட்டிருப்பதை அப்படியே நம்பிக் கிளம்ப வேண்டாம். ஜப்பானில் வீட்டு விளம்பரங்களில் ஒரு நிமிடத்துக்கு 80 மீட்டர் என்று கணக்கு வைப்பார்கள். சிக்னலில் நிற்பதும் படி ஏறுவதும் அதில் சேராது. ஹோட்டல்கள் சொல்வதும் ஏறத்தாழ அந்தக் கணக்குத்தான். இரண்டு பெட்டியும் ஒரு குழந்தையுமாகப் போனால் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம், எந்த வாசல் என்பது. ஹிகாஷி என்றால் கிழக்கு, நிஷி மேற்கு, மினாமி தெற்கு, கிட்டா வடக்கு, குச்சி என்றால் வாசல். உங்கள் ஹோட்டல் நிஷி-குச்சி பக்கம் இருந்தால், டிக்கெட் கதவைத் தாண்டும் முன்பே மேற்கு வாசல் பலகையைத் தேடுங்கள். தவறான வாசலில் வெளியே வந்துவிட்டால் தண்டவாளத்தைக் கடக்கப் பல ஸ்டேஷன்களில் சுற்றித்தான் போக வேண்டும். டோக்கியோவின் ஷின்ஜுகு மாதிரி பெரிய ஸ்டேஷனில் அது கால் மணி நேரத்தைத் தின்றுவிடும்.

பெரிய பெட்டி இருந்தால் விமான நிலையத்திலேயே "தக்யூபின்" கவுன்டரில் கொடுத்துவிடலாம். 1976 முதல் நடக்கும் சேவை. பெரிய பெட்டிக்கு 2,000 யென்னுக்கு மேல் ஆகும், பெரும்பாலும் மறுநாள் ஹோட்டலுக்கே வந்துவிடும். முதல் இரவுக்கு வேண்டியதைத் தோள்பையில் எடுத்துக்கொண்டால் சரி.

ஹோட்டலைக் கண்டுபிடித்ததும் இன்னொரு சின்னக் குழப்பம் வரும். ஜப்பானில் தரைத்தளம்தான் முதல் தளம். நாம் முதல் மாடி என்பது அவர்களுக்கு இரண்டாவது. பழைய ஹோட்டல்களில் கீழே கடையோ உணவகமோ இருக்கும், ரிசப்ஷன் இரண்டாம் தளத்தில் இருக்கும். வாசலில் ஆளைக் காணோமே என்று திகைக்காமல் லிஃப்ட் பக்கம் உள்ள பலகையைப் பாருங்கள்.

ரிசப்ஷனில்

அறை தருவது பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்கு. காலையிலேயே போய்ச் சேர்ந்தால் பெட்டியை மட்டும் கொடுத்துவிட்டு ஊர் சுற்றலாம், இதற்குப் பொதுவாகக் காசு கிடையாது. "நிமொட்ஸு, ஒநெகாய் ஷிமாஸ்" என்று பெட்டியைக் காட்டினால் போதும், எண் போட்ட சீட்டு ஒன்று தருவார்கள்.

இரவு 10 மணிக்கு மேல் வந்து சேர்வதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சின்ன ஹோட்டல்களில் இரவில் ஒரே ஆள்தான் இருப்பார். சொல்லாமல் தாமதித்தால் வரவில்லை என்று பதிவை ரத்து செய்ய வாய்ப்பு உண்டு. மிகப் பழைய சில இடங்களில் "மொங்கென்" என்று ஒரு நேரக் கட்டுப்பாடு இருக்கும், நள்ளிரவுக்கு மேல் வாசல் கதவைப் பூட்டிவிடுவார்கள். செக்-இன் செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் முகவரி இல்லாத வெளிநாட்டவர் எல்லோரிடமும் பாஸ்போர்ட் கேட்பார்கள், நகலும் எடுத்துக்கொள்வார்கள். குடும்பத்தில் ஐந்து பேர் என்றால் ஐந்து பாஸ்போர்ட்டும் வேண்டும். இது சட்டப்படி செய்வது. பெட்டியின் அடியில் வைத்துவிட்டு அங்கே தரையில் பிரித்துத் தேட வேண்டாம்.

பல இடங்களில் பணத்தை அப்போதே கட்ட வேண்டும். கார்டு வாங்குவார்கள் என்றாலும் ஒரு இரவுக்கான ரொக்கம் கையில் இருப்பது நல்லது. செவன்-இலெவன் கடைகளில் உள்ள ஏடிஎம்மில் வெளிநாட்டுக் கார்டு எடுக்கும். மேசையில் ஒரு சின்னத் தட்டு இருக்கும், பணத்தை அதில் வையுங்கள். டிப்ஸ் கொடுக்க வேண்டாம், கொடுத்தால் திருப்பித் தர ஓடி வருவார்கள். கியோட்டோ போன்ற சில ஊர்களில் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தங்கும் வரி தனியாகக் கேட்பார்கள்.

கொஞ்சம் நின்று பேசினால் கிடைக்கும் உதவிக்கு அளவில்லை. ஒகயாமாவில் ஒரு ஹோட்டலில், அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் ரிசப்ஷனில் இருந்தார். மாமிசம் சாப்பிட மாட்டேன் என்று சைகையில் சொன்னேன். மேசைக்கு அடியிலிருந்து நகலெடுத்த தெரு வரைபடம் ஒன்றை எடுத்தார். பென்சிலைச் சீவிக்கொண்டு, ஒரு உடோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) கடை, ஒரு பழக்கடை, இரவு 9 மணி வரை திறந்திருக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட் என்று வட்டம் போட்டார். உடோன் கடையை மட்டும் மறுபடி பார்த்து, குழம்பில் மீன் சாறு இருக்கும் என்று நினைவு வந்து, அந்த வட்டத்தை அழிரப்பரால் அழித்துவிட்டுத்தான் தாளை என்னிடம் நீட்டினார். அந்த வரைபடம் இன்றும் என்னிடம் இருக்கிறது.

பல் துலக்கும் பிரஷ், ரேசர், சீப்பு இதெல்லாம் முன்பு அறையிலேயே இருக்கும். பிளாஸ்டிக்கைக் குறைக்கும் சட்டம் 2022 ஏப்ரலில் வந்தபிறகு, பல ஹோட்டல்கள் அவற்றை ரிசப்ஷன் பக்கத்து அலமாரிக்கு மாற்றிவிட்டன. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போங்கள். இஸ்திரிப் பெட்டி, கூடுதல் தலையணை, காற்றில் ஈரம் சேர்க்கும் கருவி எல்லாம் இரவல் கேட்டால் தருவார்கள்.

அறைக்குள்

சாவி பெரும்பாலும் உலோகச் சாவிதான். அதோடு ஒரு சாண் நீளத்தில் கனமான பிளாஸ்டிக் கட்டை தொங்கும். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு துளை இருக்கும், அந்தக் கட்டையை அதில் செருகினால்தான் விளக்கு எரியும். வெளியே போகும்போது சாவியை ரிசப்ஷனில் கொடுத்துவிட்டு, திரும்பி வந்ததும் அறை எண்ணைச் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டையை எடுத்ததும் மின்சாரம் நின்றுவிடுவதால், பகலில் போனை அறையில் சார்ஜ் போட்டுவிட்டுப் போக முடியாது. ராத்திரியே ஏற்றிவிடுங்கள்.

மின்சாரம் 100 வோல்ட், பிளக் தட்டையான இரண்டு முனை. நம் உருண்டை முனை பிளக் சேராது, மாற்று முனை வேண்டும். பழைய ஹோட்டலில் மூன்றாவது முனைக்குத் துளையே இருக்காது, அதனால் இரண்டு முனை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். போன், லேப்டாப் சார்ஜரில் 100 முதல் 240 வரை என்று போட்டிருந்தால் கவலை இல்லை. ஊரிலிருந்து கொண்டுபோகும் 230 வோல்ட் கெட்டிலும் ரைஸ் குக்கரும் அங்கே சரியாகச் சூடாகாது. அறையில் சமைப்பதும் கூடாது.

ஏசி விஷயத்தில் முன்கூட்டியே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பழைய கட்டிடங்களில் கட்டிடம் முழுவதற்கும் சேர்த்துக் கோடையில் குளிர்காற்று, குளிர்காலத்தில் வெப்பக்காற்று என்று ஒன்றைத்தான் விடுவார்கள். சுவரில் உள்ள திருகில் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைக்கலாம். மே மாதத்திலும் அக்டோபரிலும் புழுக்கமாக இருக்கும்போது குளிர்காற்று வராமல் போகலாம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்து, மேசை விசிறி இருக்கிறதா என்று கேளுங்கள். குளிர்காலத்தில் காற்று மிகவும் வறண்டுவிடும், ஈரத்துண்டை நாற்காலியில் விரித்துவிட்டுப் படுத்தால் தொண்டைக்கு நல்லது.

சின்ன ஃப்ரிட்ஜ் அணைத்தே இருக்கும், சுவிட்சைத் தேடிப் போட வேண்டும். தலைமாட்டில் பழைய மரப்பலகை ஒன்று இருக்கும்: விளக்குச் சுவிட்சுகள், ரேடியோ, கடிகாரம் எல்லாம் அதில். படுக்கும் முன் அந்தக் கடிகாரத்தின் அலாரத்தைப் பாருங்கள். ஒருமுறை ஹகாடாவில், விடியற்காலை நாலரை மணிக்குத் தலைக்குப் பின்னால் கரகரவென்று சத்தம். இருட்டில் எந்தப் பொத்தான் என்று தெரியாமல் எல்லாவற்றையும் அழுத்தினேன். எனக்கு முன் தங்கியவர் முதல் ரயிலுக்காக வைத்துவிட்டுப் போன அலாரம் அது. அதிலிருந்து எந்த அறைக்குப் போனாலும் முதல் வேலையாக அதைத்தான் சரிபார்க்கிறேன்.

மடித்துவைத்த யுகாட்டா, அதாவது தூங்கும்போது உடுத்தும் பருத்தி அங்கி, இருந்தால், இடப்பக்க மடிப்பு மேலே வருமாறு கட்டுங்கள். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்குக் கட்டும் முறை. பெரும்பாலான ஹோட்டல்களில் அதை அணிந்துகொண்டு சாப்பாட்டு அறைக்கோ ரிசப்ஷனுக்கோ போகக் கூடாது.

குளியலறை

புதிதாகப் போகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கதவைத் திறந்தால் ஒரு படி உயரத்தில், ஒரே வார்ப்பில் செய்த பெட்டி மாதிரி ஒரு சின்ன அறை. தொட்டி, கை கழுவும் பேசின், கழிப்பறை மூன்றும் அதற்குள். இதற்கு "யூனிட் பாத்" என்று பெயர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்காக ஹோட்டல் நியூ ஒட்டானியை அவசரமாகக் கட்டியபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளியலறைகளை ஒவ்வொன்றாக ஓடு பதித்துக் கட்ட நேரம் இல்லை. டோட்டோ நிறுவனம் தொழிற்சாலையில் பாகங்களாகச் செய்து கொண்டுவந்து பொருத்தியது. அந்த முறை அப்புறம் நாடு முழுக்கப் பரவிவிட்டது.

இந்த அறையின் ஒரே விதி: தொட்டிக்கு வெளியே தண்ணீர் சிந்தக் கூடாது. வாளியும் செம்பும் வைத்துத் தரையில் நின்று குளித்த பழக்கத்தை இங்கே மறந்துவிட வேண்டும். தொட்டிக்குள் ஏறி நில்லுங்கள். பிளாஸ்டிக் திரையை முழுக்க இழுத்து, அதன் கீழ் முனையைத் தொட்டியின் உள்பக்கம் விடுங்கள். பிறகுதான் ஷவரைத் திறக்க வேண்டும். முதல் பயணத்தில் எனக்கு இது தெரியாது. திரை வெளிப்பக்கம் தொங்கியது, தண்ணீர் அதன் வழியே வடிந்து, கழிப்பறைக் காகிதம் உருளையோடு நனைந்து, செருப்பு மிதந்து, வாசற்படியைத் தாண்டிக் கம்பளத்தின் ஓரம் வரை ஈரம் வந்துவிட்டது. மறுநாள் சுத்தம் செய்ய வந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் துடைத்தார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

குழாய் பேசினுக்கும் தொட்டிக்கும் பொதுவாக ஒன்றே இருக்கும், அதன் கழுத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஒரு பிடி, ஒரு பக்கம் "கரான்", இன்னொரு பக்கம் ஷவர். கரான் என்றால் குழாய், டச்சு மொழியிலிருந்து ஜப்பானுக்கு வந்த சொல். முகம் கழுவலாம் என்று குனிந்து திறக்கும்போது பிடி ஷவர் பக்கம் இருந்தால் தலைக்கு மேல் கொட்டிவிடும். வெந்நீருக்கும் தண்ணீருக்கும் தனித்தனித் திருகு உள்ள பழைய குழாய் என்றால், எப்போதும் தண்ணீரை முதலில் திறந்து, பிறகு வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். அங்கே வெந்நீர் கொதிக்கக் கொதிக்க வரும். குழந்தைகளைத் தனியே விடாதீர்கள்.

தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கும் வழக்கம் உள்ளவர்கள், இந்தப் பயணத்தில் அதைத் தள்ளிவைப்பது நல்லது. அந்தத் தொட்டியின் அடிப்பகுதியில் எண்ணெய் பட்டால் கால் வழுக்கும், பிடித்துக்கொள்ளவும் பெரிதாக எதுவும் இருக்காது.

கழிப்பறையில் நமக்கு ஒரு நிம்மதி உண்டு. பெரும்பாலான ஹோட்டல்களில் தண்ணீர் பீச்சிக் கழுவும் இருக்கை வந்துவிட்டது. டோட்டோ 1980இல் வாஷ்லெட் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. பக்கத்துப் பலகையில் நீர் பீச்சும் படம் போட்ட பொத்தான் கழுவுவதற்கு, சதுரம் போட்டது நிறுத்துவதற்கு. உட்காரும் முன்பே நிறுத்தும் பொத்தானைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தைக் குழியிலேயே போட்டு நீரை இழுத்துவிடலாம், குப்பைக்கூடையில் போட வேண்டாம்.

சாப்பாடு

சைவர்கள் ஹோட்டல் காலை உணவுக்கு முன்பணம் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. மிசோ சூப், காய்கறிக் கூட்டு என்று பார்க்கச் சைவமாகத் தெரிவதெல்லாம் "தாஷி" என்ற சாற்றில் செய்தவை. அது பெரும்பாலும் உலர்ந்த பொனிட்டோ மீனில் எடுப்பது. வெறும் சோறு, ரொட்டி, பழம், சாலட் போதும் என்றால் சரி. மீனும் முட்டையும் சாப்பிடுகிறவர்களுக்கு இதே காலை உணவு அருமையானது, சுட்ட சால்மனும் சூடான சோறும் கிடைக்கும்.

எனக்குக் கைகொடுத்தது தயிர்ச்சோறு. சூப்பர் மார்க்கெட்டில் வெந்த சோறு பாக்கெட்டில் கிடைக்கும், மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் போதும். பல ஹோட்டல்களில் பானம் விற்கும் இயந்திரம் இருக்கும் மாடியிலேயே ஒரு மைக்ரோவேவும் வைத்திருப்பார்கள். சர்க்கரை சேர்க்காத தயிர் 400 கிராம் டப்பாவில் வரும். ஜப்பானிய அரிசி கொஞ்சம் பிசுபிசுப்பு, தயிர்ச்சோற்றுக்கு அதுதான் பொருத்தம். சூடு தணியவிட்டுத் தயிர் ஊற்றி, உப்புப் போட்டு, ஊரிலிருந்து எடுத்துப்போன எலுமிச்சை ஊறுகாய் ஒரு விரல் வைத்தால், பன்னிரண்டு மணி நேரம் சுற்றிய அலுப்பு போய்விடும். பச்சைக் கறிவேப்பிலையும் பழமும் இறைச்சி கலந்த எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் பிடிபடும்.

அறையில் உள்ள கெட்டிலில் தண்ணீர் மட்டும் கொதிக்க வையுங்கள். நூடுல்ஸையோ பாலையோ அதில் ஊற்றினால் அடுத்தவருக்கு அந்தக் கெட்டில் பாழ். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம்.

ராத்திரி

சுவர்கள் மெல்லியவை. பக்கத்து அறைக்காரர் இருமினாலும் கேட்கும். நம் ஆட்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. சென்னையிலும் கொழும்பிலும் இரவு 9 மணி ஆகும்போது ஜப்பானில் 12:30. வீட்டுக்கு ஆற அமரப் பேசும் நேரம் அங்கே நடுச்சாமம். பேச வேண்டுமானால் ரிசப்ஷன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுங்கள்.

ரயில் சத்தம் நள்ளிரவுக்குச் சற்றுப் பிறகு நின்றுவிடும், விடியற்காலை ஐந்து மணி வாக்கில் தொடங்கும். லேசான தூக்கக்காரர்கள் தண்டவாளத்தைப் பார்க்காத மறுபக்க அறை கேளுங்கள். ஊதுபத்தியோ சூடமோ ஏற்றாதீர்கள், புகை உணரும் கருவி கட்டிடத்தையே எழுப்பிவிடும்.

படுக்கும் முன் மூன்று நிமிடம் ஒதுக்குங்கள். கதவின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் வரைபடத்தில் உங்கள் அறையையும் இரண்டு படிக்கட்டுகளையும் பாருங்கள். ஒருமுறை படிக்கட்டுக் கதவு வரை நடந்து வாருங்கள், எத்தனை கதவு தாண்டுகிறீர்கள் என்று எண்ணிக்கொண்டே. கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு டார்ச் மாட்டியிருக்கும், இழுத்து எடுத்தாலே எரியும். செருப்பைக் கட்டிலுக்கு அருகில் வையுங்கள். ஜன்னலில் சிவப்பு முக்கோணம் ஒட்டியிருந்தால் அது தீயணைப்பு வீரர்கள் நுழையும் வழி, அங்கே பெட்டியை அடுக்கக் கூடாது.

நிலம் ஆடினால் ஓடாதீர்கள். தலையணையால் தலையை மூடிக்கொண்டு கட்டிலோரம் குனிந்து இருங்கள். ஆட்டம் நின்றதும் கதவைத் திறந்து வையுங்கள், சட்டம் கோணிக் கதவு இறுகிவிடக் கூடும். லிஃப்ட் தொட வேண்டாம். தீக்கும் ஆம்புலன்சுக்கும் 119, போலீசுக்கு 110.

தங்கும் நாட்களிலும் காலி செய்யும் நாளிலும்

துணி துவைக்கக் காசு போடும் இயந்திரம் ஏதாவது ஒரு மாடியில் இருக்கும். துவைக்க 200, 300 யென், காயவைப்பதற்கு 100 யென் நாணயமாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மாலை ஏழு மணிக்கு மேல் வரிசை சேர்ந்துவிடும், சீக்கிரம் போங்கள். தொடர்ந்து பல நாள் தங்கினால், தினமும் அறையைச் சுத்தம் செய்யாமல் துண்டு மட்டும் பையில் போட்டுக் கதவில் மாட்டிவிடுவது இப்போது பல இடங்களில் வழக்கம். குப்பையையும் பழைய துண்டுகளையும் கதவுக்கு வெளியே வைத்தால் எடுத்துப்போவார்கள்.

காலி செய்யும் நேரம் பெரும்பாலும் காலை 10 மணி, அதை 10:05 என்று இழுக்காதீர்கள். அடுத்தவருக்காக அறையைத் தயார் செய்கிறவர் வெளியே வண்டியோடு நிற்பார். தாமதத்துக்கு மணிக்கணக்கில் கட்டணமும் உண்டு. துண்டுகளைத் தொட்டிக்குள் ஒன்றாகப் போட்டுவிட்டு, தலைமாட்டுப் பலகை, ஃப்ரிட்ஜ், கதவுக் கொக்கி மூன்றையும் ஒருமுறை பாருங்கள். சார்ஜரும் தயிர் டப்பாவும் மழைக்கோட்டும் தங்கிவிடும் இடங்கள் அவைதான். சாவியை ரிசப்ஷனில் கொடுங்கள். அங்கே ஆள் இல்லை, பெட்டி வைத்திருக்கிறார்கள் என்றால் அதில் போட்டுவிட்டுப் போகலாம்.

ரயில் மாலையில்தான் என்றால் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு ஊர் சுற்றுங்கள். எண் சீட்டைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ரயிலுக்கு அரை மணி நேரம் முன்னால் வந்து எடுத்தால் போதும், ஸ்டேஷன் எதிரேதான் இருக்கிறது.